அத்தை சொன்ன படங்கள்

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். வேலை முடிந்து திரும்புகிறவர்கள் போலிருந்தது, மடியில் சாப்பாட்டுத் தூக்கு. ஒருத்தி மற்றவளுக்கு ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். “ஒளிஞ்சு பொழைக்கலாம்னு சிலோன்லேருந்து குடும்பமா வர்றாங்கடி. வந்து வாடகைக்குப் போனா வீட்டுக்காரரே போலீசு!” கேட்டவள் வாயில் கை வைத்துக்கொண்டாள். வடுவூர் வந்ததும் அவள் இறங்க வேண்டியிருந்தது. கதை பாதியில் நிற்கிறது. சொன்னவள் சும்மா விடவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, “மாட்டிக்கல, பயப்படாத! காலனியே சேந்து காப்பாத்திருது!” என்று மிச்சத்தைக் கொடுத்தனுப்பினாள்.

வண்டி ஏரிக்கரையைத் தாண்டுவதற்குள் எனக்குப் பெரியத்தையின் குரல் கேட்க ஆரம்பித்துவிட்டது.

அப்பாவின் அக்கா அவர். மன்னார்குடியில் வாழ்க்கைப்பட்டவர். மாமா அரிசி மண்டியில் கணக்கெழுதினார். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் தியேட்டர். எங்கள் கிராமத்துக்கு டூரிங் டாக்கீஸ் வருவது அறுவடை முடிந்த பிறகுதான். அதுவும் ஊர்களெல்லாம் ஓடித் தேய்ந்த படப்பெட்டியோடு. புதுப்படம் எங்களுக்கு வந்தது அத்தை வழியாகத்தான். மாசி, பங்குனியில் புளி உலுக்கி, ஓடு தட்டி, கொட்டை எடுக்கும் நாட்களில் அவர் பிறந்த வீட்டுக்கு வந்து தங்குவார். திண்ணையில் புளியைக் கொட்டி வைத்து, ஆளுக்கொரு அரிவாள்மணையோடு பெண்கள் உட்கார்ந்ததும் அம்மா தொடங்கி வைப்பார்: “அண்ணி, என்ன படம் பாத்தீங்க?”

அதற்குப் பிறகு யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். படம் இரண்டரை மணி நேரம் என்றால் அத்தை சொல்ல ஒரு பிற்பகல் முழுக்க ஆகும். சண்டைக்காட்சி வந்தால் “நாலு பேரை அடிச்சான், அத விடு” என்று தாண்டிப் போய்விடுவார். பாட்டு வந்தால் நிறுத்தி, முதல் அடியைப் பாடி, சரோஜாதேவி என்ன கொண்டை போட்டிருந்தார், சேலைக்கரை எப்படி இருந்தது என்பதெல்லாம் சொல்லுவார். ஒரு பெண் வாசலில் நின்று யோசிக்கும் காட்சி என்றால் அத்தை கையிலிருந்த புளியைக் கீழே வைத்துவிடுவார். அந்தப் பெண் என்ன நினைத்திருப்பாள் என்று அவராகவே பேசுவார். படத்தில் அந்தப் பேச்சு இருந்ததா என்பது எங்களுக்குத் தெரியாது. ‘கல்யாணப் பரிசு’ கடைசியில் குழந்தையைக் கொண்டுபோய்க் கல்யாண வீட்டில் கொடுக்கும் இடத்தை அவர் சொல்லும்போது, கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஆச்சி மூக்கைச் சிந்திவிட்டு, “அந்தப் பொண்ணு வாங்குச்சா?” என்று கேட்டது நினைவிருக்கிறது. “வாங்காம என்ன பண்ணுவா” என்றார் அத்தை.

நான் ஒரு முறை கேட்டேன்: “நல்ல படமா அத்தை?”

“சொல்றேன், கேளு. சொன்னா ஒனக்கே தெரிஞ்சிரும்.”

அந்த வயதில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இத்தனை படங்களுக்குப் பிறகு இப்போது யோசித்தால், ஒரு படத்தை எடைபோட எனக்குக் கிடைத்த படிக்கல் அதுதான். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் படத்தின் பலமும் தெரிந்துவிடும், ஓட்டையும் தெரிந்துவிடும். கேமராவும் இசையும் கூட வராது. நடிகரின் முகமும் வராது. கதையும் அதில் வாழ்கிற மனிதர்களும் மட்டும் சொல்பவரின் வாயில் நிற்க வேண்டும். சமீபத்தில் வந்த படங்களையும் தொடர்களையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். இதை அத்தை எப்படிச் சொல்லியிருப்பார்? எங்கே புளியைக் கீழே வைத்திருப்பார்?

‘மகாராஜா’வை எடுத்துக்கொள்கிறேன். 2024-ல் வந்தது, நித்திலன் சாமிநாதன் எழுதி இயக்கியது, விஜய் சேதுபதிக்கு 50-ஆவது படம். முடிதிருத்தும் ஒருவர் காவல் நிலையத்துக்கு வந்து தன் வீட்டுக் குப்பைத்தொட்டியைக் காணவில்லை என்று புகார் கொடுக்கிறார். அதற்கு லட்சுமி என்று பெயர். இந்தத் தொடக்கத்தைச் சொன்னால் எந்தத் திண்ணையும் கலையாது. ஆனால் அத்தை முன்னும் பின்னுமாகக் கலைத்துப் போட்ட காலத்தை அப்படியே சொல்லமாட்டார். “மொதல்ல என்ன நடந்துச்சுன்னா” என்று நூலைப் பிரித்து நேராக்கிவிடுவார். நான் அப்படிச் செய்து பார்த்தேன். நேராக்கியதும் இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, அந்தத் தகப்பனின் துயரம் நேராகச் சொன்னாலும் குறையவில்லை. விஜய் சேதுபதி வைத்திருந்த இறுகிய முகம் எதற்காக என்று அப்போதுதான் முழுதாக விளங்குகிறது. இன்னொன்று எனக்குக் கசந்தது. ஒரு சின்னப் பெண்ணுக்கு நடந்த கொடுமையைத்தான் கடைசி அதிர்ச்சிக்காகப் படம் பொத்தி வைத்திருக்கிறது. நேராகச் சொல்லும்போது அந்தப் பெண் கதையின் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். அவள் என்ன ஆனாள், அவள் மனம் என்ன பட்டது என்று கேட்பவர்கள் கேட்கிறார்கள். படம் அவளுக்கு ஒரே ஒரு வலுவான இடத்தைத்தான் கொடுத்தது. அந்த ஓரிடத்தில் அவள் எழுந்து வந்து கேட்கும் கேள்வி எனக்குப் பிடித்தது. இன்னும் கொஞ்சம் அவளோடு இருந்திருக்கலாம் என்ற குறை எனக்குத் தீரவில்லை.

அத்தை சொன்னதிலேயே எனக்கு மறக்காதது ‘உதிரிப்பூக்கள்’. 1979-ல் வந்த மகேந்திரன் படம், புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து கிளைத்தது. அப்போது நான் வளர்ந்த பெண். திண்ணையில் எனக்கும் ஒரு அரிவாள்மணை உண்டு. சுந்தரவடிவேலுவை ஊரே ஆற்றுக்கு அழைத்துப்போகும் அந்தக் கடைசியை அத்தை சொல்லும்போது, அவர் குரல் தணிந்துகொண்டே போனது. யார் முன்னால் போனார்கள், யார் பின்னால் நின்றார்கள், இரண்டு பிள்ளைகளும் கரையில் எந்தப் பக்கம் இருந்தார்கள் என்றெல்லாம் வரிசையாகச் சொன்னார். பல வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தூர்தர்ஷனில் அந்தப் படத்தைப் பார்த்தேன். அத்தை சொன்ன பேச்சுகளில் பாதி அதில் இல்லை. மகேந்திரன் பேசாமல் விட்ட இடங்களையெல்லாம் அத்தை தன் பேச்சால் நிரப்பியிருக்கிறார்! இருந்தும் இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. மெளனமாக விட்ட இடம் இருந்ததால்தான் அத்தைக்கு அங்கே பேச இடம் கிடைத்தது.

இதே எண்ணம் ‘கொட்டுக்காளி’ பார்க்கும்போது வந்தது. 2024 ஆகஸ்டில் ‘வாழை’யும் இதுவும் ஒரே நாளில் வெளியாயின. பி.எஸ்.வினோத்ராஜ் இயக்கம். பின்னணி இசை கிடையாது. காற்று, வண்டிச் சத்தம், சேவலின் சத்தம், ஆட்கள் பேசுகிற சத்தம், அவ்வளவுதான். கதையை நான்கு வரியில் சொல்லிவிடலாம். மீனா வேறு சாதிப் பையனை விரும்புகிறாள். பேய் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டி, அவளுக்கென்று நிச்சயித்த முறைமாமன் பாண்டியும் உறவுக்காரர்களும் சாமியாடியிடம் அழைத்துப் போகிறார்கள். மீனாவாக வரும் அன்னா பென் படம் முழுக்கவே ஏறத்தாழ வாய் திறப்பதில்லை. பாண்டியாக வரும் சூரிக்குத் தொண்டை கட்டி, சுண்ணாம்பு தடவிய கழுத்தோடு கரகரவென்று பேசுகிறார். கத்த வேண்டியவனுக்குக் குரல் இல்லை, பேச வேண்டியவள் பேச மறுக்கிறாள். நான் சமீபத்தில் பார்த்த தமிழ்ப் படங்களில் இவ்வளவு துணிவாக எடுத்தது வேறில்லை. வழியில் ஒரு மாடு பாதையை மறித்து நிற்கிறது. பெரிய பெரிய ஆண்கள் எல்லாம் தயங்கி நிற்க, ஒரு சின்னப் பெண் வந்து அதை அழைத்துக்கொண்டு போகிறாள். அத்தை அங்கே புளியைக் கீழே வைத்திருப்பார். சந்தேகமே இல்லை.

ஆனால் என்னோடு பார்த்த என் நாத்தனாருக்குப் படம் பிடிக்கவில்லை. “பாண்டி கடைசில என்னதான் முடிவெடுத்தான்? அதச் சொல்லாம படத்த முடிச்சா எப்படி அண்ணி?” என்றார். தியேட்டரில் பலருக்கும் அந்தக் கோபம் இருந்தது. நான் கோபத்தை மதிக்கிறேன்; அவர் முடிவுக்காக ஏங்கியது, அந்தப் பெண் தப்பிக்க வேண்டுமே என்ற தவிப்பினால். வீடு வரும் வரை பாண்டி சாமியாடியிடம் கண்டது என்ன, அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று பேசிக்கொண்டே வந்தோம். வீட்டுக்கு வந்த பிறகும் பேசினோம். பேச வைத்ததா இல்லையா என்று நான் கேட்க, அவர் “பேச வைக்கிறதுக்கு மட்டும் நான் காசு கொடுக்கல” என்றார். இந்த வாதம் எங்களுக்குள் இன்னும் முடியவில்லை.

‘வாழை’யை அத்தையால் சொல்லி முடித்திருக்க முடியாது. மாரி செல்வராஜ் தன் சிறுவயதை எடுத்து வைத்த படம். வாழைத்தார் சுமக்கப் போகும் பையன், பள்ளிக்கூட டீச்சர் மேல் அவனுக்கு இருக்கும் பிரியம், ரஜினி கமல் சண்டை என்று சிரிக்கச் சிரிக்கப் போய், கடைசியில் பசியோடு சோற்றில் கைவைத்த பிள்ளை. எங்கள் பக்கத்தில் சோற்றின் முன்னால் யாரையும் திட்டக்கூடாது என்பார்கள். சாப்பிடும் பிள்ளையை எழுப்பக்கூடாது. அந்தக் காட்சியைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

படத்தைப் பார்க்காமல் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள் மட்டுமல்ல. வானொலியில் ஒலிச்சித்திரம் போடுவார்கள். ஒரு படத்தின் வசனத்தைச் சுருக்கி ஒரு மணி நேரம். கைவேலையை விடாமல் கேட்போம். பிறகு கேசட் வந்தது. கல்யாண வீடு, காதுகுத்து என்றால் தென்னை மரத்தில் கட்டிய குழாயில் ‘திருவிளையாடல்’ கதை வசனம் அதிகாலையிலேயே ஆரம்பமாகிவிடும். 1984-க்குப் பிறகு கொஞ்ச காலம் எங்கே போனாலும் ‘விதி’ நீதிமன்றக் காட்சிதான். டீக்கடையில் சுஜாதா வாதாடுவார், சைக்கிளை நிறுத்திவிட்டு ஆட்கள் நின்று கேட்பார்கள். பூர்ணிமா ஜெயராமின் முகத்தைப் பார்க்காமலேயே அந்தப் பெண்ணுக்காகப் பரிந்து பேசியவர்கள் எத்தனை பேர்! எங்கள் தெருவில் ஒரு பெண்ணை ஏமாற்றிவிட்டுப் போனவனைப் பற்றிப் பெரியவர்கள் பேசும்போது அந்தக் கேசட்டின் வாதங்கள் பஞ்சாயத்திலேயே வந்தன.

டெல்டாவில் தொலைக்காட்சி வந்த விதமும் தனி. கடற்கரைப் பக்கம் என்பதால், உயரமான கம்பத்தில் ஆண்டெனாவைக் கட்டி இலங்கைப் பக்கம் திருப்பினால் ரூபவாஹினி தெளிவாக வரும். எங்கள் ஊரில் முதலில் டிவி வாங்கிய வீட்டின் மாடியில் ஒருவர் நின்று கம்பத்தைத் திருப்ப, கீழேயிருந்து “வந்துருச்சு, வந்துருச்சு, அப்படியே வை” என்று கூவுவார்கள். இலங்கைத் தமிழ் எங்கள் காதுக்குப் பழகியது அப்படித்தான். அதனாலோ என்னவோ ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யில் சசிகுமாரும் சிம்ரனும் பேச ஆரம்பித்ததும் எனக்கு அந்தப் பழைய மாடி வந்து போனது. 2025-ல் வந்த இந்தப் படத்தை இயக்கிய அபிஷன் ஜீவிந்த்துக்கு அதுதான் முதல் படம். அங்கே பொருளாதாரம் விழுந்து, கடல் தாண்டி ராமேசுவரம் வந்து, சென்னையில் ஒரு காலனியில் தங்கும் குடும்பம். வாயைத் திறந்தால் எந்த ஊர் என்று தெரிந்துவிடும் என்பதால் அதிகம் பேசாதே என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். கடைசியில் விசாரிக்க வந்த போலீசுக்கு முன்னால் காலனிக்காரர்கள் எல்லோருமே அந்தத் தமிழைப் பேசி அவர்களை மறைத்துவிடுகிறார்கள். பேருந்துக்காரி சொன்ன “காலனியே சேந்து” அதுதான்.

என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். படத்தில் இனிப்பு அதிகம். அந்தக் காலனியில் கடைசி வரை கெட்டவராக இருக்க ஒருவருக்கும் அனுமதி இல்லை. முகாம்களிலேயே பிறந்து வளர்ந்து, இன்னமும் குடியுரிமைக்காகக் காத்திருக்கும் எத்தனையோ பேரை இந்தத் தமிழ்நாட்டில் நாம் வைத்திருக்கிறோம். தர்மதாஸ் குடும்பத்துக்குக் கிடைத்த தெரு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இருந்தாலும் நான் அந்தப் படத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாத ஒரு தெரு, ஒரு முதிய அம்மாவின் சாவுக்குச் சேர்ந்து வந்து நிற்கும் இடம் பொய்யாக இல்லை. எம்.எஸ்.பாஸ்கர் வரும் காட்சிகள் ஒவ்வொன்றும் மனதில் நிற்கின்றன. வடுவூரில் இறங்கிய பெண்ணுக்கு, “பயப்படாத” என்று சொல்லி அனுப்பத் தோன்றுகிற படம் எத்தனை வருகிறது?

‘சித்தி’ சன் டிவியில் வந்த 1999-க்குப் பிறகு எங்கள் வீடுகளில் கதை சொல்வது தினசரி வேலை ஆயிற்று. ஊர்த்திருவிழாவுக்குப் போனவர்கள், ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் எல்லோருக்கும் விட்டுப்போன நாட்களைச் சொல்ல வேண்டும். ‘மெட்டி ஒலி’ ஓடிய காலத்தில், ஐந்து பெண்களைப் பெற்ற அந்தத் தகப்பனாருக்காக என் அப்பாவே கண் கலங்கியதைப் பார்த்திருக்கிறேன். சினிமாவுக்கு ஒருபோதும் கலங்காதவர். பிறகு மின்வெட்டு வந்த வருடங்கள். எங்கள் தெருவுக்கு ஒரு நேரம், கீழத்தெருவுக்கு ஒரு நேரம் கரண்ட் போகும். காலையில் குழாயடியில், கரண்ட் இருந்த தெருக்காரி கரண்ட் இல்லாத தெருக்காரிகளுக்கு ‘கோலங்கள்’ நடந்ததைச் சொல்லுவாள். அத்தை அப்போது தளர்ந்திருந்தார். சொல்வதை விட்டுக் கேட்கிறவர் ஆகியிருந்தார். சொல்பவள் அவசரப்பட்டால், “நிறுத்து. அவ அப்ப எங்க நின்னா?” என்று கேட்பார்.

‘கோலங்கள்’ எடுத்த அதே திருச்செல்வம் 2022-ல் எடுக்கத் தொடங்கிய ‘எதிர்நீச்சல்’ தொடரை ஒரு நாள் விடாமல் பார்த்தேன். மதுரைப் பக்கத்து ஒரு பெரிய வீட்டில் படித்த மருமகள்கள் நான்கு பேர் அடுப்படியில் அடைபட்டுக் கிடக்கிறார்கள். அந்த அடுப்படிதான் தொடரின் உயிர். வெளியே ஆண்கள் உறுமிக்கொண்டிருக்க, உள்ளே நந்தினி அடிக்கும் கிண்டலும் ஈஸ்வரியின் வாய் பேசாத கோபமும்! ஆதி குணசேகரனாக வந்த மாரிமுத்துவைப் பார்க்கும்போது, நாங்கள் ஒவ்வொருவரும் எங்கள் உறவில் ஒரு ஆளைப் பார்த்தோம். அப்படிப்பட்டவர்களின் கர்வத்தை மட்டும் காட்டாமல், சபையில் தோற்கும்போது அவர்கள் முகம் எப்படிச் சுருங்கும் என்பதையும் அவர் காட்டினார். 2023 செப்டம்பரில் அந்தத் தொடருக்கு டப்பிங் பேசப் போன இடத்தில் உடல்நலம் கெட்டு இறந்தார் என்ற செய்தி வந்த அன்று, எங்கள் தெருவில் அடுத்த வீட்டுக்காரர் போனதுபோலப் பேசிக்கொண்டார்கள். அவர் இடத்துக்கு வந்த வேல ராமமூர்த்தி நல்ல நடிகர். ஆனால் அந்த நாற்காலி வேறொருவருக்காகச் செய்தது. பிறகு தொடர் இழுத்தது. ஒரு கல்யாணத்தைக் கணக்கில்லாத நாட்கள் நடத்தினார்கள். அந்தப் பெண்கள் ஒரு அடி முன்னே வைத்தால் உடனே இரண்டு அடி பின்னே இழுப்பது எனக்குச் சலிப்பைத் தந்தது. அவர்கள் வெளியே வந்து சம்பாதிக்கும் ஒரு சாதாரண நாளை நிதானமாகக் காட்டியிருந்தால் போதும், ஊரே பார்த்திருக்கும்.

அப்படிப்பட்ட நிதானம் எனக்கு ‘அயலி’யில் கிடைத்தது. 2023-ல் ஜீ5-ல் வந்தது, எட்டே பகுதி. புதுக்கோட்டைப் பக்கம் வீரப்பண்ணை என்றொரு கற்பனைக் கிராமம், 1990-ஐ ஒட்டிய காலம். பெரியவளானால் பள்ளிக்கூடம் கிடையாது, உடனே கல்யாணம். மீறினால் தெய்வம் கோபிக்கும் என்று ஒரு கட்டுப்பாடு. டாக்டராக நினைக்கும் தமிழ்ச்செல்வி தான் பெரியவளானதை மறைக்கிறாள். ஒரு கட்டத்தில் தாய்க்குத் தெரிகிறது. அனுமோள் அந்தத் தாயாக நடித்ததைப் பற்றி நான் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முதலில் பயம், பிறகு மகளுக்காகப் பொய், பிறகு அந்தப் பொய்யிலேயே தனக்கு ஒரு தைரியம். என்னோடு படித்து, கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரியாக இருந்த ஒரு தோழியைத் தீட்டுக் கழித்த கையோடு நிறுத்திவிட்டார்கள். பச்சை ஓலைக் குடிசையில் அவள் உட்கார்ந்திருந்தபோது பாடப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன், தொடக்கூடாது என்றார்கள். ‘அயலி’யில் அந்தப் பெண் புத்தகப் பையோடு ஓடும்போதெல்லாம் என் கண்ணுக்குத் தெரிந்தவள் என் தோழிதான். இந்தத் தொடரில் சில ஆண்கள் வெறும் கேலிப்படமாக நிற்கிறார்கள், அது ஒரு குறை. ஆனால் பள்ளிக்கூடங்களில் போட்டுக் காட்ட வேண்டிய தொடர் இது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை.

‘சுழல்’ தொடரின் முதல் பாகத்தை மயானக் கொள்ளைத் திருவிழாவின் நாட்களோடு பின்னியிருந்தது நன்றாக இருந்தது. குற்றவாளி யார் என்று தெரிந்த பிறகும் நெஞ்சில் கனம் இருந்தது. இரண்டாம் பாகத்தில் திருவிழா இருந்தது, கனம் இல்லை.

இப்போது வீட்டில் படம் பார்க்கும் முன் யாருக்கும் யாரும் கதை சொல்லக்கூடாது. என் பேரன் காதைப் பொத்திக்கொள்கிறான்: “பாட்டி, கதையச் சொல்லிராதீங்க!” எங்களுக்கு அது புதிது. நாங்கள் ‘பாசமலர்’ கடைசியில் அண்ணனும் தங்கையும் சாகப்போகிறார்கள் என்று தெரிந்துகொண்டே போய், தெரிந்துகொண்டே அழுதவர்கள். ஆனால் அதே பேரன், ஒரு படத்தின் கதையைப் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கும் யூடியூப் வீடியோவைச் சாப்பிடும்போது பார்க்கிறான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். மூச்சு விடாத குரல். இவன் அங்கே போகிறான், அவள் இதைக் கண்டுபிடிக்கிறாள், அவன் சாகிறான். நடந்தது எல்லாம் இருந்தது. வாசலில் யாரும் நிற்கவில்லை. என்ன நினைத்திருப்பாள் என்று அந்தக் குரல் ஓரிடத்திலும் கேட்கவில்லை.

“இப்ப நான் ஒன்னு சொல்லட்டா?” என்று அவனிடம் ‘லப்பர் பந்து’ சொன்னேன். அவன் பார்த்த படம்தான், அதனால் காதைப் பொத்தவில்லை. அவனுக்கு அது அட்டகத்தி தினேஷும் ஹரிஷ் கல்யாணும் மோதிக்கொள்ளும் கிரிக்கெட் படம். விஜயகாந்த் பாட்டு வந்ததும் விசிலடிக்கும் படம். நான் சுவாசிகா நடித்த யசோதையிலிருந்து தொடங்கினேன். வீட்டுக்காரன் வேலைக்குப் போகாமல் மட்டையைத் தூக்கிக்கொண்டு திரிகிறான். அவளுக்கு அந்த ஆட்டத்தைக் கண்டாலே ஆத்திரம். ஆனால் அவன் மேல் வைத்த ஆசை போகவில்லை. மாமியாராக வரும் கீதா கைலாசமும் சுவாசிகாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் இடங்களைச் சொல்லும்போது, “இதெல்லாம் படத்துல இருந்துச்சா?” என்றான். இருந்தது. நன்றாக ஆடுகிற பையனை ஒரு அணி ஏன் சேர்க்கவில்லை என்பதை இயக்குநர் தமிழரசன் பச்சமுத்து எவ்வளவு அடக்கமாகச் சொல்லியிருக்கிறார் என்பதையும் சொன்னேன். அவனும் அதைக் கவனித்திருந்தான். ஆனால் அதைப் பற்றிப் பேசலாம் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

‘மெய்யழகன்’ பற்றி எனக்கு ஆற்றாமை உண்டு. எங்கள் மண்ணில் நடக்கும் கதை. சொத்துத் தகராறில் 1996-ல் தஞ்சாவூர் வீட்டை விட்டுச் சென்னைக்குப் போன அருள்மொழி, பல வருடம் கழித்துத் தங்கச்சி முறைப் பெண்ணின் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். “அத்தான், அத்தான்” என்று கார்த்தி நடித்த ஒருவன் ஒட்டிக்கொள்கிறான். அவன் பெயர் இவருக்கு ஞாபகம் இல்லை. கேட்கவும் கூச்சம். இதுதான் கதை. இதை எழுதிய பிரேம்குமார் ‘96’ எடுத்தவர். கல்யாண மேடையில் அருள்மொழியாக வரும் அரவிந்த்சாமி அந்தப் பெண்ணுக்குத் தன் கையாலேயே நகையைப் போட்டு, குனிந்து கொலுசு மாட்டிவிடும்போது, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஓர் ஆள் தேம்பினார். எங்கள் வீட்டிலும் ஒரு பங்காளித் தகராறு உண்டு. மன்னார்குடி வீட்டில் விற்றதும் விட்டதும் போக, மிச்சம் இருந்த உறவுகள் ஒன்றோடொன்று பேசாமல் போயின. அத்தையின் பிள்ளைகளை நான் பார்த்துப் பல காலமாகிறது. கல்யாண மண்டபங்களில் யாராவது வந்து “என்னைத் தெரியுதா?” என்று கேட்டால் எனக்கு இப்போது அடிவயிறு கலங்கும். அந்தக் கூச்சத்தை ஒரு முழுப்படமாக எடுக்க முடியும் என்று நான் நினைத்ததில்லை.

வெளியான சில நாட்களிலேயே நீளம் என்று சொல்லி, சுமார் 18 நிமிடத்தை வெட்டிவிட்டார்கள். வெட்டப்பட்டதில் கார்த்தி இரவெல்லாம் பேசும் பேச்சின் பகுதிகள் இருந்தன. அந்தப் பேச்சு கதையை நகர்த்தவில்லை என்பது உண்மை. இரவு முழுக்க மொட்டை மாடியில் பேசும் சொந்தக்காரன் கதையை நகர்த்துவதற்காகவா பேசுகிறான்? போர், தமிழ், மாடு, அரசியல் என்று எங்கெங்கோ போவான். எனக்கு அந்தப் பேச்சில் முழு ஒப்புதல் இல்லை; சில இடங்களில் பழம்பெருமை கூடிப்போயிருந்தது. ஆனால் அது அந்த மனிதனுடையது. படம் ஓடும்போதே வெட்டியது எனக்குப் பிடிக்கவில்லை. வெட்டாத படத்தை மறுபடியும் அரங்கில் பார்க்க எனக்கு ஆசை.

என் தங்கை மஸ்கட்டில் மகனோடு இருக்கிறாள். ஊரில் வரும் படங்களை வெள்ளிக்கிழமை இரவுகளில் அவளுக்குப் போனில் சொல்கிறேன். ‘பைசன்’ வந்த தீபாவளிக்கு, “கபடியெல்லாம் எனக்கு என்னக்கா தெரியும்” என்றாள். மணத்தி கணேசன் என்ற வீரரின் வாழ்க்கையிலிருந்து மாரி செல்வராஜ் கட்டிய கதை. நான் ஆட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு, பசுபதி நடித்த தகப்பனின் கதையாகச் சொன்னேன். பிள்ளை கபடி ஆடப் போனால் எவன் வெட்டுவான், எந்த ஊர்க்காரன் மறிப்பான் என்று நடுங்குகிற ஒரு தகப்பன். பிறகு பிள்ளைக்காக யார் வாசலிலும் போய் நிற்கத் துணிகிற தகப்பன். இரண்டு தரப்புத் தலைவர்களின் வெட்டுக்குத்தையும் படம் திரும்பத் திரும்பக் காட்டியது அதிகம் என்றும், துருவ் உடம்பால் நன்றாக உழைத்திருந்தாலும் கிட்டானின் மனதுக்குள் இன்னும் கொஞ்சம் போயிருக்கலாம் என்றும் சொன்னேன்.

அவள் படத்தைப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் கூப்பிட்டாள். அமீர் நடித்த பாண்டியராஜாவைப் பற்றி நான் சரியாகவே சொல்லவில்லை என்று கோபம். “வெட்டுக்குத்துன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டியே. அந்த ஆளு தன்னால ஊருக்கு என்ன ஆச்சுன்னு ஒக்காந்து யோசிக்கிறாரே, அத நீ ஏன் சொல்லல?” என்றாள். யோசித்தது போதாது என்பது என் கட்சி. அந்த அளவுக்கு யோசித்ததே பெரிசு என்பது அவள் கட்சி. மகன் வந்து சாப்பிடக் கூப்பிட்டும் அவள் போனை வைக்கவில்லை.